எந்த டேப் நல்ல டேப்?

உலகத்தில் வாங்குகிறவர்கள் உண்டு, விற்கிறவர்கள் உண்டு. இருவருக்கும் நடுவே நின்று, எது நல்லது என்று விசாரித்தே ஆயுளைக் கழிக்கிற இனமும் ஒன்று உண்டு. அந்த இனத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வாய்த்தவர் ஃபேக்டரியில் கணக்கெழுதும் கிராணி அமிர்தலிங்கம்.

எண்பத்து நாலாம் வருஷம், தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கிற லயமே வி.எச்.எஸ். வீடியோ டேப்பை வாடகைக்கு எடுத்து, பார்த்து, அழுது, சிரித்து, திருப்பியும் கொடுத்துவிட்ட பிறகும், கிராணி வாசலில் நின்றுகொண்டு, இன்னொரு ஜாதி டேப்பான பீட்டாவில் படம் தெளிவு, வி.எச்.எஸ்ஸில் நேரம் கூடுதல், பீட்டா டேப் சிறிசு, தேயிலைப் பெட்டிக்குள் நிறைய அடுக்கலாம், ஆனால் இந்த மலைப் பனிக்கு எதில் முதலில் பூஞ்சை பிடிக்கும் என்று யாராவது யோசித்தீர்களா என்பார். யார் யோசிப்பார்கள்? சரி, அவர் வீட்டில் என்ன இருந்தது? ரேடியோ.

மகள் நவமணிக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளையின் அம்மா இடுப்பு ஒடிந்து கம்போங் ராஜா ஊரில் படுத்த படுக்கை. மகன் தாலி கட்டுவதை அவர் டேப்பில்தான் பார்க்க வேண்டும். நவமணி கேட்டது அது ஒன்றுதான்.

“அத்தை வீட்ல வி.எச்.எஸ். மிஷின்தாம்பா. அதுலயே எடுக்கச் சொல்லுங்க.”

“அது வேற விஷயம்லா. தரம்னு ஒண்ணு இருக்கில்ல?”

தரத்துக்காக, படம் பிடிக்கிற பக்கிரிசாமி பீட்டா ஒன்று, வி.எச்.எஸ். ஒன்று என இரண்டு காமிராவோடு கோயிலுக்கு வந்து சேர்ந்தார். கையில் அட்சதையோடு கிராணி அவரை ஓர் ஓரமாக இழுத்துப் போனார்.

“மொதல்ல ரெண்டுலயும் என்னைய எடு. எது தெளிவா இருக்குன்னு பாத்துட்டு முடிவு பண்ணுவோம்.”

“கிராணி ஐயா, முகூர்த்தம் நெருங்கிருச்சு.”

“கல்யாணம் ஒரு தடவதான்யா. அவசரப்படலாமா?”

பீட்டாவில் எடுத்தாயிற்று. வி.எச்.எஸ். காமிரா அவர் முகத்துக்கு நேரே ஓடிக்கொண்டிருந்தபோது கெட்டிமேளம் கொட்டிவிட்டது. மனுஷர் பதறிப்போய், கையிலிருந்த அட்சதையை எதிரே அப்படியே வீசினார். எதிரே இருந்தது காமிரா.

கம்போங் ராஜாவில் கட்டிலைச் சுற்றி இரண்டு குடும்பமும் கூடி டேப்பைப் போட்டது. முதலில் கிராணியின் முகம். பிறகு மேளச் சத்தம். பிறகு திரை முழுக்க அரிசி.

“எம் மகன் எங்கம்மா? சம்பந்தி மட்டுந்தான் தெரியிறாரு” என்றார் மாமியார். நவமணி அழுதேவிட்டாள்.

அமிர்தலிங்கம் திரையருகே போய்க் குனிந்து பார்த்தார்.

“அரிசி ஒவ்வொண்ணும் தனித்தனியாத் தெரியுது பாத்தியா? வி.எச்.எஸ்ஸே நல்லாத்தான் இருக்குலா.”

ஒருவழியாக முடிவு செய்துவிட்டார்!

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். பிள்ளையின் முதல் பிறந்தநாளுக்கு நல்ல காமிராவாகப் பார்த்து வாங்கலாம் என்று நீங்களும் விசாரித்துக்கொண்டே இருக்கிறீர்களே, அந்தப் பிள்ளைக்கு இப்போது மீசை முளைத்துவிட்டதா, இல்லையா?