சுவரின் வெளிப்பக்கம் யாருடையது

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

நம் வீட்டின் மஞ்சள் சுவருக்கு வெளிர் சாம்பல் நிறம் அடித்தேன். மறுநாள் விடியற்காலையில் பெரிய படகு மணல்திட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டென்று எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்பி மேற்கொண்டு எழுதுகிறேன். குறையாவிட்டால் உட்கார்ந்து படியுங்கள்.

வீடு வாங்க நீங்கள் பிடித்துக் கொடுத்த துணிக்கடைக்காரர், நம் வீட்டைப் படத்தில் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி, அந்த மஞ்சதான் கண்ணக் குத்துது" என்றாரல்லவா? நியாயம்தான். நான் ரசனைப்பட்டு அடித்த நிறமா அது? என் கடையில் விலைபோகாமல் கிடந்த பெயிண்ட் டப்பாக்களைச் சுவரில் தீர்த்தேன். ஊரே 'மஞ்சக்காமாலை வீடு' என்று சொல்லும். வயிற்றெரிச்சலில் சொல்கிறார்கள் என்று இத்தனை வருஷமும் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். உங்கள் ஊருக்கே வந்து பெரிய கடை போடலாம், அதற்கு இந்த வீடு நல்ல விலைக்குப் போகட்டும் என்று, ஆள் கூலியை மிச்சம் பிடித்து, நானே ஏணியில் ஏறிக் கடல் பக்கச் சுவர் முழுக்க அடித்து முடித்தேன்.

இங்கே கரைக்கு வர ஒரே வழி. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் மணல்திட்டு. என் மஞ்சள் சுவரும் அதற்குப் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தொட்டியும் ஒரே நேராகத் தெரியும்படி பிடித்துக்கொண்டு வந்தால் படகு சரியாக நடுவில் நுழைந்துவிடுமாம். ஊரில் எல்லாருக்கும் தெரியும்; அவர்களுக்கே கயிறும் டீசலும் விற்றுப் பிழைக்கிற எனக்கு மட்டும் தெரியாது. கடலில் நான் கால்கூட நனைத்ததில்லை. எனக்குத் தெரிந்திருக்கும் என்று அவர்களாகவே நினைத்துவிட்டார்கள். என் புத்தியை அவர்கள் உயர்வாக மதித்தது அந்த ஒரு விஷயத்தில்தான். அன்றைக்கு வானமும் சாம்பல், தண்ணீரும் சாம்பல், சுவரும் சாம்பல். கடலிலிருந்து பார்த்தவர்களுக்கு வீட்டையே காணோம். படகு தடுமாறுவதைப் பார்த்து நான் கரையோரமாக ஓடி, "தள்ளிப் போ, தள்ளிப் போ" என்று தோள் துண்டை எடுத்து வீசினேன். துண்டு மஞ்சள். அதைக் குறிவைத்து நேராக மணலில் ஏற்றிவிட்டார்கள்.

யாருக்கும் அடியில்லை. அலை ஏறியதும் ஊர் கூடி இழுத்தது. நானும் இழுத்தேன். நான் பிடித்த கயிறுதான் அறுந்தது. நம் கடைக் கயிறு. படகு மிதந்ததும் அத்தனை பேரும் நம் வாசலுக்கு வந்தார்கள்.

"யாரக் கேட்டு அடிச்சீங்க மொதலாளி?" என்றார் பெரிய படகுக்காரர்.

"என் வீடு, என் சுவரு. யாரக் கேக்கணும்?"

எட்டு வீட்டுக்குக் கேட்கும் குரல் என்பதால் நாங்கள் ஸ்பீக்கர் அக்கா என்று கூப்பிடும் மீன்கார அம்மா முன்னால் வந்தாள். "சுவரு உங்களுதுதான். யாரு இல்லேன்னா? வெளிப்பக்கம் எங்களுது."

உங்கள் தங்கை எனக்காகப் பேசுவாள் என்று திரும்பினேன். "உள்பக்கம் என்னுது. நடுவுல இருக்கிற செங்கல வேணா நீங்க வித்துக்கோங்க" என்றாள். சொன்னதோடு நில்லாமல், பெட்டியைத் திறந்து தன் மஞ்சள் சேலைகளை எல்லாம் எடுத்துக் கொடுத்தாள். சுவர் முழுக்கக் கட்டிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்துத் துணிக்கடைக்காரர் காரில் வந்து இறங்கினார். அவரும் துணி வியாபாரி அல்லவா, நான் போட்டிக்குக் கடை திறந்துவிட்டேனோ என்று முகம் சுருங்கிவிட்டது. ஸ்பீக்கர் அக்கா அவரிடம், "தாராளமா வாங்குங்கண்ணே. மஞ்ச மாத்தக் கூடாது, தொட்டிய மறைக்கிற மாதிரி மாடி கட்டக் கூடாது, முன்னாடி மரம் வெக்கக் கூடாது. மத்தபடி உங்க வீடு" என்றாள். மனிதர் டீயைக்கூடத் தொடவில்லை.

நான் அசரவில்லை மச்சான். இந்த உப்புக்காற்றில் எனக்கு என்ன ஒட்டு, என்ன உறவு? வேறு ஆள் பாருங்கள், கடலைப் பற்றி ஒன்றும் தெரியாத ஆளாக. அங்கே வாடகைக்கு ஒரு வீடும் பார்த்து வையுங்கள். மாதக் கடைசியில் வந்துவிடுகிறோம். இது உறுதி. பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும். உங்கள் கடைக்கு வருகிறவர்கள் பேரம் பேசாமல் வாங்கிப் போகட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து வைத்திருந்தபோது பெரிய படகுக்காரர் வந்து, "ஒரு தடவ அங்கேருந்து பாத்துட்டு அப்புறம் வித்துக்கோங்க" என்று படகில் ஏற்றிக்கொண்டார். போகும் வழியெல்லாம் வாந்தி. "எங்க பாக்கணும்?" என்றேன். "வேற என்ன தெரியுது, சொல்லுங்க" என்றார். நிமிர்ந்து பார்த்தேன். கரை முழுக்க ஒரே கோடு. அதில் நம் வீடு மட்டும் நகத்தளவு மஞ்சளாக. சுக்கானை என் கையில் கொடுத்தார். அந்த மஞ்சளிலிருந்து கண்ணை எடுக்காமல் கரை சேர்த்துவிட்டேன். ஆகவே வீடு விற்பனைக்கு இல்லை. ஆள் பார்க்க வேண்டாம். பேசி முடித்தது இதுதான்: பெயிண்ட் என் செலவு, அடிப்பது அவர்கள் வேலை, மாடி இல்லை, மரம் இல்லை, எனக்குப் பின் யார் குடியிருந்தாலும் இதே நிறம். பதிலுக்கு எனக்கு என்ன என்று கேட்டேன். மாதம் ஒரு தடவை கடலுக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னார்கள்; பேரம் பேசி, ஒருபோதும் கூட்டிப்போவதில்லை என்று முடித்துக்கொண்டேன்.