டப்பா மூடியும் ஆறாவது அறிவும்

இதை எனக்கு முதலில் சொன்னது எங்கள் தெருமுனையில் மாடியில் குடியிருக்கும் தையல்காரம்மா. போன மழைக்கு முந்தின வாரம், என் மகன் சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டே சொன்னாள். சிரித்ததில் ஊசியை இரண்டு தடவை விரலில் குத்திக்கொண்டாள்.

அவளுக்குக் கீழ்வீட்டில் ஒரு குழாய்க்காரர். தெருவில் அவர் பேர் முறுக்கு அண்ணன். குழாயை முறுக்குவார், மீசையை முறுக்குவார், கோபம் வந்தால் மூஞ்சியையும் முறுக்கிக்கொள்வார். அவர் கை வைத்த இணைப்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் கசியாது. வினையும் அதுதான். எதைத் திருகினாலும் அப்படியே திருகுவார்.

அன்றைக்கு, வெளியூரில் வேலை பார்க்கும் மகள் மூன்று மாதம் கழித்து வருகிறாள். அவளுக்குப் பிடிக்குமே என்று அவர் மனைவி எட்டுத் துண்டு மீன் வறுத்து, திருகுமூடி எவர்சில்வர் டப்பாவில் வைத்துவிட்டுப் பால் வாங்கப் போனாள். அவருக்கு எண்ணெய்ப் பண்டமே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

திரும்பி வந்து டப்பாவைத் தூக்கினாள். பஞ்சு மாதிரி இருந்தது. மூடியைத் திருகினாள். அசையவில்லை. துணியைச் சுற்றித் திருகினாள். ம்ஹூம். அந்த வீட்டில் இப்படி மூடுகிற கை ஒன்றுதான் உண்டு.  வந்த கோபத்தை அடக்கிக்கொண்டு டப்பாவைக் கீழே வைத்தாள்.

அதற்குள் பின்பக்கத்திலிருந்து ஒரு சாக்கோடு வந்தார் முறுக்கு அண்ணன்.

"பூனை மீனைத் தின்னுடுச்சு."

யாரும் அவரை எதுவும் கேட்கவே இல்லை.

அந்தப் பூனை, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில், அவருடைய பழைய சாமான் பையிலேயே மூன்று குட்டி போட்டிருந்தது. பாவம், குட்டிகள் இன்னும் கண் திறக்கவில்லை.

"இப்பவே சாக்குல கட்டி, பாலத்துக்கு அந்தப் பக்கம் விட்டுட்டு வரேன். இந்த வீட்டுல ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

"குட்டிங்க பால் இல்லாம செத்துடும்ங்க."

"திருடுறதுக்கு முன்னாடி அது யோசிச்சிருக்கணும்."

"கொஞ்சம் ஆறுங்க."

"நான் எதுக்கு ஆறணும்? எனக்கு ஆறறிவு இருக்கு."

"அதான் சொல்றேன். ஆறுற அறிவு இருந்தா ஆறுங்க."

அவருக்கு மீசை துடித்தது. வாசலில் நின்று மாடியைப் பார்த்துக் கத்தினார். "தையல்காரம்மா, இறங்கி வாம்மா. நீயே ஒரு நியாயம் சொல்லு."

கழுத்தில் அளவு நாடாவோடு அவள் இறங்கி வந்தாள். அவர் சாக்கை உதறிவிட்டுத் தொடங்கினார்.

"மனுஷனுக்கும் மிருகத்துக்கும் என்ன வித்தியாசம்? மனுஷனுக்கு மனசாட்சி இருக்கு. அடுத்தவங்க பொருள்ல கை வைக்கமாட்டான். வச்சாலும் ஒத்துக்குவான், வெட்கப்படுவான். இதைப் பாரு, திருடித் தின்னுட்டு எவ்வளவு தெம்பா உட்கார்ந்திருக்கு."

பூனை ஒரு குட்டியின் காதை நக்கிக்கொண்டிருந்தது.

"சாக்கு வேண்டாம்ங்க. வந்ததும் பொண்ணு பூனையைத் தேடுவா," என்றாள் மனைவி. "திருடின வாய்க்கு ஒரு மாசம் மீன் கிடையாதுன்னு வைங்க. போதும்."

அவர் யோசித்தார். பாலம் தூரம். வெயில் வேறு.

"சரி. ஒரு மாசம். ஒரு முள்ளுகூடக் கிடையாது."

"யாரா இருந்தாலுமா?"

"யாரா இருந்தாலும். நானா இருந்தாலும். நியாயம்னா நியாயம். அதுதான் மனுஷன்."

"கேட்டுக்கிட்டியாம்மா?" என்று தையல்காரம்மா பக்கம் திரும்பினாள் மனைவி.

"கேட்டுக்கிட்டேன் அக்கா."

மனைவி டப்பாவை அவளிடம் நீட்டினாள். "அடியில ஒரு துண்டாவது மிச்சம் இருக்கா பாரு. திறந்து குடு."

தையல்காரம்மா பல்லைக் கடித்துத் திருகினாள். கை சிவந்ததுதான் மிச்சம். "என்னக்கா, வெல்டிங் வச்சிட்டீங்களா?"

"கொண்டா இப்படி. ரெண்டு பேர் சேர்ந்து ஒரு மூடியைத் திறக்க முடியல," என்று பிடுங்கினார் முறுக்கு அண்ணன். ஒரே திருகு. டக்கென்று திறந்தது. உள்ளே எண்ணெய் மட்டும் மினுமினுத்தது. பெருமையாக மீசையை முறுக்கினார். அங்கேயும் அதே எண்ணெய்தான் மினுமினுத்தது.

"பூனை நல்லா இறுக்கித்தான் மூடியிருக்கு," என்றாள் தையல்காரம்மா.

அவர் கை மீசையிலேயே நின்றுவிட்டது.

மனைவி அதுவரை அடக்கி வைத்திருந்த கோபமெல்லாம் அப்போது வந்தது. குரல் மட்டும் உயரவில்லை.

"திருடித் தின்ன அஞ்சறிவே போதும்ங்க. அது தின்னா பசிக்குத் தின்னும், அதோட விட்டுடும். தின்னுட்டு, பழியைக் கொண்டுபோய்க் குட்டி போட்டவ தலையில கட்டணும்னா, அதுக்குத்தான் ஆறாவது வேணும். கையிலயும் சாக்கு, வாயிலயும் சாக்கு."

அவர் சாக்கை மடித்தார். மடித்ததையே மறுபடி மடித்தார்.

"மூணு துண்டுதான் தின்னேன்."

"மீதி அஞ்சு?"

அவர் பூனையைப் பார்த்தார். பூனை அவரைப் பார்த்தது.

"அதுவும் நான்தான்."

மகள் வருவதற்குள் அவரே வேர்க்க விறுவிறுக்கப் போய் மீன் வாங்கி வந்தார். அன்று சாயங்காலம் மகளுக்கு நடுத்துண்டு. பூனைக்குத் தலை. அவருக்கு அவித்த பூசணிக்காய்.

கடவுள் புண்ணியத்தில் குட்டிகள் கண் திறந்துவிட்டன. உங்கள் வீட்டுக் குழாய் ஒழுகினால் அவரையே கூப்பிடுங்கள், நல்ல வேலைக்காரர். மீன் விஷயத்தை நான் சொன்னேன் என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.