மாதிரிப் பச்சை

“போன வருஷம் இந்த உப்பு இன்னும் பச்சையா இருந்துச்சு, இல்லடி?”

ஊர் சுற்ற வந்த ஒரு பெண் தன் தோழியிடம் போகிறபோக்கில் சொன்னாள். இறாலையும் காயையும் மாவில் தோய்த்துப் பொரித்துத் தரும் மினெகோவின் தெம்புராக் கடை சின்னது. ஒருவர் பேசினால் எல்லோருக்கும் கேட்கும். அன்று பக்கத்து நாற்காலியில், நகராட்சித் தேயிலைப் பெருமைப் பிரிவின் தலைவர் வகாசுகி உட்கார்ந்திருந்தது அந்த ஜப்பானியத் தேயிலை ஊரின் தலைவிதி.

மறுவாரமே ‘பசுமைத் தரக் காப்புக் குழு’ கூடியது. தெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளும் தேயிலை உப்பு இனி ஊர் முழுக்க ஒரே பச்சையாக இருக்க வேண்டும். ஒத்துப்போகாத கடைக்கு வசந்த விழாவில் இடமில்லை. விழாவில் விற்பதை நம்பித்தான் மினெகோவின் வருஷமே ஓடுகிறது. ஆனாலும், மாதிரியாகத் தேர்வானது தன் கை உப்புதான் என்றதும் அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

அதைக் கண்ணாடிக் கிண்ணத்தில் இட்டு, நல்ல வெயில் விழும் நகராட்சி ஜன்னலில் வைத்தார்கள். மரியாதைக்காக மேலே ஒரு விளக்கும் போட்டார்கள்.

“சார், வெளிச்சம் பட்டா நிறம் போயிடுங்க. நான் கறுப்பு டப்பாவுலதான் வைப்பேன்.”

“மக்கள் கண்ணுல படாத தரம் எப்படிம்மா தரமாகும்?”

விழாவுக்கு முன் சோதனை வந்தது. மினெகோ உப்பை வறுத்து, நைஸாகப் பொடித்து, சூடு முழுக்க ஆறியபின் தேயிலைத் தூளைச் சலித்துக் கலந்தாள். தளிர் மாதிரி இருந்தது. வகாசுகி மாதிரிக் கிண்ணத்தை அருகில் வைத்தார். அது பழைய சாக்கு மாதிரி இருந்தது.

“ரொம்ப வருத்தம்மா. உங்களோடது தவறான பச்சை.”

“கிண்ணத்துல இருக்கறதும் என்னோடதுதானே சார்!”

“அதனாலதான் கூடுதல் வருத்தம். உங்க தரத்துக்கு உங்களாலயே ஈடுகொடுக்க முடியலையே.”

“அது வெளுத்துப் போச்சுங்க!”

“தரம் மாறாதும்மா. மத்ததெல்லாம்தான் மாறும்.”

மாதிரியைப் போலவே வெளுக்கட்டும் என்று மினெகோ உப்பை ஜன்னலில் காயப்போட்டாள். தெரு முழுக்க ஜன்னல்களில் தட்டுகள். பொறுமையில்லாத எதிர்க்கடை ஹச்சிரோ உப்பில் கோகோவைக் கலந்து முதல் ஆளாகச் சோதனையில் தேறினார். இளவட்டங்கள் ‘மண்ணின் நிறம்’ என்று படம்பிடித்துக் கொண்டாடி, அதே பழுப்பில் சட்டையும் வாங்கிக்கொண்டார்கள்.

விழாவில் மினெகோவுக்கு இடம் கிடைத்தது. வகாசுகி கேமரா முன்னால் இறாலைப் பழுப்பு உப்பில் தொட்டுக் கடித்து, கண்ணை மூடி, “என்ன ஆழம்!” என்றார். கேமரா நகர்ந்ததும் மேசைக்குக் கீழே தட்டை நீட்டினார்.

“அக்கா, அந்தக் கறுப்பு டப்பா இருக்கா?”

“அது தவறான பச்சையாச்சே சார்.”

“கொஞ்சம் மெதுவா பேசுங்கக்கா.”

மினெகோ எட்டிப் பார்த்தாள். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும், பழுப்புச் சட்டைக்காரர்கள் உட்பட, தட்டை இடுப்புக்குக் கீழே பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லாத் தட்டிலும் பச்சையைத் தூவினாள்.

கடைசி இறாலையும் விழுங்கிய வகாசுகி, உதட்டில் ஒட்டிய பச்சையைத் துடைத்துவிட்டு, பழுப்புக் கிண்ணத்தில் முதல் பரிசு நாடாவைக் கட்டி நீட்டினார். வரிசை கைதட்டியது.

மினெகோ கறுப்பு டப்பாவைக் காலால் உள்ளே தள்ளிவிட்டு, இடுப்பு மடியக் குனிந்து, இரண்டு கையாலும் கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள்.