யானை வாழ்த்திய பொம்மையன்

ஏழு கடலையும் கொஞ்சம் சகதியையும் தாண்டினால் உச்சிமேட்டு ராஜ்ஜியம். அங்கே ஜனங்களுக்கு ஆண்டுக் கணக்கு என்று தனியாக ஒன்றும் கிடையாது. எந்தக் கேடு வந்து தொலைத்ததோ அதுதான் அந்த ஆண்டுக்குப் பெயர். ஏரி உடைந்த வருஷம், எலி தின்ற வருஷம், வரி ஏறிய வருஷம். கடைசிப் பெயரில் மட்டும் பதினான்கு வருஷங்கள் இருந்ததால் கொஞ்சம் குழப்பம். மற்றபடி பிறப்பு, கல்யாணம், பட்டா எல்லாவற்றுக்கும் அதுதான் தேதி.

மாசாணியின் அரை ஏக்கர் கேழ்வரகு வயலுக்கு உரிய பட்டாவில் ‘யானை மிதித்த வருஷம்’ என்று எழுதியிருந்தது. ஊர்வலத்தில் பட்டத்து யானை மிரண்டு அவள் புருஷன் பொம்மையனை மிதித்துக் கொன்றது. அதற்கு ஈடாக அரண்மனை கொடுத்த வயல் அது. அது விளைந்தால் அவள் வீட்டில் உலை கொதிக்கும், விளையாவிட்டால் இல்லை.

அப்படியிருக்க, ஒரு நாள் மகாராஜாவுக்கு எண்ணெய்க் குளியலின் நடுவே ஞானம் பிறந்தது. இதுவரை வரலாறு முழுக்க மன்னர்களைப் பற்றியே எழுதியாகிவிட்டது. இனிமேல் அது சாமானியனின் கண்வழியாக எழுதப்படும் என்று முந்நூறு முரசுகளை அறைந்து அறிவித்தார். அந்தச் சத்தத்தில் சினை எருமைகளெல்லாம் நாளுக்கு முன்பே கன்று ஈன்றன. மாசாணிக்குச் சந்தோஷம். நம் கதையையும் காது கொடுத்துக் கேட்க ஆள் வருகிறதே என்று வாசலைத் தெளித்து வைத்தாள்.

வரலாற்று மந்திரி வாகைசூடியார் எழுபது எழுத்தர்களோடு வந்து இறங்கினார். வீடு வீடாகக் கேட்டார். எங்கே கேட்டாலும் உடைந்தது, தின்றது, செத்தது. மூன்றாவது தெருவிலேயே மந்திரிக்குத் தலைவலி வந்துவிட்டது. மறுநாள் இரண்டாவது ஆணை வந்தது: சாமானியரை அழுமூஞ்சிகளாகக் காட்டுவது சாமானியரை இழிவுபடுத்தும் குற்றம்; ஆகவே ஆண்டுகளின் பெயர்கள் திருத்தப்படுகின்றன. ஏரி உடைந்த வருஷம், ‘ஏரி வீடுதேடி வந்த வருஷம்’ ஆயிற்று. எலி தின்ற வருஷம், ‘சகல ஜீவன்களும் பசியாறிய வருஷம்’. யானை மிதித்த வருஷம், ‘யானை வாழ்த்திய வருஷம்’.

மூன்றாவது ஆணைப்படி, புதிய வரலாற்றோடு ஒத்துப்போகாத பட்டா செல்லாது. அந்த நிலம் அரண்மனையைச் சேரும். மாசாணி பட்டாவைத் தூக்கிக்கொண்டு மந்திரியிடம் ஓடினாள்.

“அம்மணி, வாழ்த்தியதற்காக எந்த அரசாவது நஷ்டஈடு தருமா?” என்றார் வாகைசூடியார்.

“வாழ்த்தலைங்க சாமி, மிதிச்சுச்சு. நான்தான் கூடையில அள்ளிக்கிட்டு வந்தேன்.”

“யானை வாழ்த்தியவர் நீடூழி வாழ்வார் என்பது விதி. ஆகவே உமது கணவர் நலமாக இருக்கிறார். கணவர் நலமாக இருக்கையில் கைம்பெண்ணுக்கான வயலை வைத்திருப்பது மோசடி.”

மாசாணிக்கு ஒரு சந்தேகம். கையால் நெற்றியைத் தடவிப் பார்த்தாள். பொட்டு வைத்துக்கொள்ளலாமா, கூடாதா? நிஜமாகவே விளங்காமல்தான் அடுத்ததைக் கேட்டாள்.

“அவரு இருக்காருன்னா, வயலு அவருதுதானுங்களே? யானை வாழ்த்துன மனுசன் வயலை அரமனை எடுத்துக்கலாமுங்களா?”

மந்திரி கணக்குப் போட்டுப் பார்த்தார். எடுக்கலாம் என்றால் பொம்மையன் செத்தான் என்றாகும். செத்தான் என்றால் கொன்றது யார் என்று வரும். எழுபது எழுத்தர்களும் விசிறியும் வியர்வை அடங்கவில்லை. கடைசியில், வயல் பொம்மையன் பெயரில் இருக்கட்டும் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தார்.

அதோடு விட்டார்களா? சாமானியர் வரலாறு என்றால் சபையில் தொகுதிக்கு ஒரு சாமானியர் உட்கார வேண்டாமா? மாசாணியின் தொகுதி முழுக்கத் தேடினார்கள். குறை சொல்லாதவர், எதையும் கேட்காதவர், எந்த வரிசையிலும் நிற்காதவர் என்று சல்லடை போட்டுச் சலித்ததில் பொம்மையன் ஒருவர்தான் தேறினார். யானை வாழ்த்திய ஆளை எதிர்த்து நிற்க யாருக்கும் துணிச்சல் இல்லை. போட்டியின்றித் தேர்வானார்.

அந்தக் கோடையில் வாய்க்கால் மதகை அடைத்துவிட்டார்கள். கேழ்வரகு கருகத் தொடங்கியது. தண்ணீர் வேண்டுவோர் தங்கள் பிரதிநிதியிடம் மனுக் கொடுக்க வேண்டும் என்றது நாலாவது ஆணை. மாசாணி மூன்று நாள் நடந்து தலைநகர் போய்ச் சேர்ந்தாள்.

சபை மண்டபத்தில் பிரதிநிதிகள் தத்தம் நாற்காலிகளில் இருந்தார்கள். பொம்மையனின் நாற்காலி காலி. ஆனால் பெரிய மாலை போட்டிருந்தது. எழுத்தர் உதட்டில் விரல் வைத்து, “ஐயா சிந்தனையில் இருக்கிறார்” என்றார்.

அவள் நாற்காலிக்கு எதிரே நின்றாள். இவ்வளவு பேரும் அவர் இருக்கிறார் என்கிறார்களே, ஒருவேளை இருந்துவிட்டால்? குரலைத் தாழ்த்தினாள்.

“இங்க பாருய்யா, பயிரு காயுது. அந்த மதகைத் தொறக்கச் சொல்லு.”

எழுத்தர் ‘பிரதிநிதி மக்களோடு மனம்விட்டு உரையாடினார்’ என்று குறித்துக்கொண்டார்.

பக்கத்துத் தொகுதி வரிசையில் நின்ற வெயிலுமுத்து என்ற குடியானவர் மெல்ல இந்தப் பக்கம் சாய்ந்தார்.

“ஏந்தாயி, ஒங்க ஆளு என்ன சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லலைங்கண்ணே. வாயே தொறக்கல.”

“எங்க ஆளு நல்லா தொறப்பாரு. திங்கிறதுக்கு.”

அவர் தன் தொகுதிப் பிரதிநிதியை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மனுவை மடித்து எடுத்துக்கொண்டு வந்து மாசாணிக்குப் பின்னால் நின்றார்.

“ஒங்க வீட்டுக்காரரு கிட்ட எங்க ஊருக்கும் சேத்து ஒரு வார்த்தை சொல்லு தாயி.”

திரும்பிப் பார்த்தாள் மாசாணி. அவருக்குப் பின்னால் இன்னும் நாற்பது பேர் நின்றார்கள்.