சனிக்கிழமை சார்ஜ்

அந்த மின்சாரக் காரை என் வீட்டு வாசலுக்குள் விடவே கூடாது என்று நான் உறுதியாக முடிவெடுத்தபோது, அது ஏற்கெனவே வாசலில் நின்றுகொண்டிருந்தது.

வெள்ளை நிறம். சின்ன உருவம். சோப்பு டப்பாவுக்குச் சக்கரம் வைத்த மாதிரி இருந்தது. என் மனைவி அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். என்னைப் பெண் பார்க்க அழைத்துப் போன அன்று அவள் என்னை இதில் பாதி நேரம்கூடப் பார்க்கவில்லை.

"மூணு நாள் வச்சிருந்து ஓட்டிப் பாக்கச் சொல்லிக் குடுத்திருக்காங்க. பிடிச்சா எடுத்துக்கலாம். இல்லேன்னா திருப்பிக் குடுத்துடலாம்."

"என்னை ஒரு வார்த்தை கேக்கலையே?"

"அதான் இப்ப கேக்கறேனே. நல்லா இருக்கு இல்ல?"

எங்கள் வீட்டில் கேட்பது என்றால் இதுதான்.

எங்கள் பழைய காருக்குப் பதினான்கு வயது. பின்பக்க இடது கதவு வெளியிலிருந்துதான் திறக்கும். மழை பெய்தால் ஓட்டுகிறவனுக்கு முழங்கால் நனையும். ஹாரன் அடித்தால் வைப்பர் ஆடும். எல்லாம் உண்மை. ஆனால் அதனிடம் ஒரு பெரிய நல்ல குணம் இருந்தது. அது பெட்ரோல் குடிக்கும்.

உங்களிடம் மறைப்பானேன்? சனிக்கிழமை நாலு மணிக்கு "பெட்ரோல் போட்டுட்டு வந்துடறேன்" என்று கிளம்பினால் நான் ஆறு மணிக்குத்தான் திரும்புவேன். பெட்ரோல் போட நாலு நிமிடம் ஆகும். மீதி நேரமெல்லாம் பங்க்குக்குப் பக்கத்தில் இருக்கும் டயர் கடையில். அங்கே ஒரு பழைய டிரம்மின் மேல் கேரம் போர்டு. டயர் கடைக்காரர், ரிட்டயர் ஆன பஸ் கண்டக்டர், பங்க்கில் காற்றடிப்பவர், நான். நாலு பேர், நாலு டீ. "நீ சொல்றது கரெக்டுப்பா" என்று வாரம் முழுவதிலும் என்னைப் பார்த்து யாராவது சொல்வது அந்த இரண்டு மணி நேரத்தில்தான்.

"பெட்ரோல் போட ரெண்டு மணி நேரமா?" என்று மனைவி கேட்பாள்.

"வரிசைம்மா, வரிசை. எல்லா வண்டிக்கும் சனிக்கிழமைதான் தாகம் எடுக்குது."

மின்சாரக் கார் வந்தால்? வாசலிலேயே ஒயரைச் செருகி வைத்துவிடலாம். சமர்த்தாகக் குடித்துக்கொள்ளும். எங்கும் போக வேண்டாம். அதாவது, நான் எங்கும் போக முடியாது.

நான் பம்பு செய்யும் தொழிற்சாலையில் வால்வு சோதிக்கிறவன். என் கையெழுத்து இல்லாமல் ஒரு வால்வு வெளியே போகாது. இருபத்தேழு கட்டம் போட்ட தாள் ஒன்று உண்டு. ஒவ்வொன்றாகப் பார்த்து 'சரி' அல்லது 'தவறு' போட்டு, கீழே குறிப்பு எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். வீட்டிலும் எதை வாங்கினாலும் அந்தத் தாளை நிரப்பாமல் விடமாட்டேன். துடைப்பத்துக்குக்கூட நிரப்பியிருக்கிறேன்.

"முறைப்படி சோதிச்சு அறிக்கை தர்றேன்" என்றேன் கம்பீரமாக. எப்படியாவது நாலு 'தவறு' போட்டு வந்த வழியே அனுப்பிவிடுவது என்று திட்டம்.

"தாராளமா. ஒண்ணு விடாம எழுதுங்க" என்றாள் மனைவி.

முதல் நாள், எங்களோடு இருக்கும் மாமியாரை வாசலுக்குக் கூட்டி வந்தேன். பழைய காரில் அவர் ஏற ஐந்து நிமிடம், இறங்க ஒரு ஊர்வலம். முழங்கால் அப்படி. இந்தக் குட்டிக் காரில் அவர் சிக்கிக்கொள்வார், ஒரு 'தவறு' நிச்சயம் என்று நினைத்தேன். அவர் சாய்ந்தார், உட்கார்ந்தார், இறங்கினார், மறுபடி ஏறினார்.

"மாப்பிள்ளை, இது எனக்கு அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு. எங்கே போகலாம்?"

எங்கும் போகிற உத்தேசம் எனக்கு இல்லை. ஆனாலும் போனோம். நாலு கடை, இரண்டு உறவினர் வீடு, ஒரு கண் மருத்துவமனை. பின்பக்கம் சின்னதாகத்தான் இருந்தது. அதிலும் ஒரு மூட்டை அரிசி, இரண்டு வாளி, மாமியாரின் மடக்கு நாற்காலி எல்லாம் அடங்கித் தொலைத்தன. வழியில் சத்தமே இல்லை. காரில் சத்தம் இல்லாததால் மாமியார் பேசியது ஒரு எழுத்து விடாமல் காதில் விழுந்தது. அதை 'தவறு' என்று எழுதலாமா என்று யோசித்தேன். மனைவி படிப்பாளே என்று விட்டுவிட்டேன்.

இரண்டாம் நாள் சனிக்கிழமை. கடைசி அஸ்திரத்தை எடுத்தேன். பேட்டரியை வற்ற வைத்து நடுரோட்டில் நிறுத்திவிடுவது. "பாத்தியா, குடும்பஸ்தனை நடுத்தெருவுல விட்டுடுச்சு" என்று போன் செய்வது.

ஏசியை முழுக்க வைத்தேன். ஜன்னல் நான்கையும் திறந்தேன். பட்டப்பகலில் விளக்குப் போட்டேன். வெயிலில் வைப்பரை ஓட விட்டேன். பாட்டுப் பெட்டியை அலற விட்டேன். ஊரைச் சுற்றியிருக்கும் பெரிய சாலையில் சுற்று மேல் சுற்று. பக்கத்தில் வந்த லாரிக்காரர் என்னைப் பார்த்துவிட்டு வண்டியை ஒதுக்கிக்கொண்டார்.

நான் களைத்துப் போனேன். அது களைக்கவில்லை. மூன்று மணி நேரம் கழித்து ஒருவழியாக ஒன்பது சதவீதம் என்று காட்டியது. வெற்றி! எங்கே நிற்கலாம் என்று பார்த்தேன். பழக்க தோஷம், கை தானாகத் திருப்பி எங்கள் பெட்ரோல் பங்க்குக்கே கொண்டுபோய்விட்டது. அங்கே, டயர் கடையை ஒட்டி, புதிதாக ஒரு பச்சைப் பெட்டி நின்றது.

"சார்ஜ் போடணுமா சார்?" என்றார் காற்றடிப்பவர். "போன வாரம்தான் வச்சாங்க."

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்று சும்மா கேட்டு வைத்தேன்.

"முழுசா ஏற ஒண்ணே முக்கால் மணி நேரம் ஆகும்."

என் காதில் தேன் பாய்ந்தது. ஒன்றே முக்கால் மணி நேரம்! பொய் இல்லை. வரிசை இல்லை. காரே சொல்கிறது, பெட்டியே சொல்கிறது. இத்தனை வருடமாக நாலு நிமிட வேலையை இரண்டு மணி நேரமாக இழுத்து இழுத்து எனக்கு நாக்கு தேய்ந்திருந்தது.

"இந்தக் காரை வாங்கு. யோசிக்காதே" என்றார் கண்டக்டர், காயைக் குழிக்குள் தள்ளியபடி.

"ஆனா வீட்டிலேயே சார்ஜ் போடலாமே?"

"போடலாம். போடக் கூடாதுன்னு நீ சொல்லு. அதுக்குத்தானே தாள் வச்சிருக்கே?" என்றார் டயர் கடைக்காரர்.

நட்பு என்றால் இதல்லவா?

மூன்றாம் நாள் அறிக்கையை மனைவி கையில் கொடுத்தேன். இருபத்தேழுக்கு இருபத்தேழும் 'சரி'. சின்னச் சந்தில் திரும்புகிறது, 'சரி'. நிறுத்த அரை இடம் போதும், 'சரி'. மனைவி வேலை பார்க்கும் பல் மருத்துவமனைக்குப் போய்வரத் தோதானது, 'சரி'. அவள் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள்.

"முந்தாநாள் வரைக்கும் சோப்பு டப்பான்னீங்க?"

"சோதிக்கறதுக்கு முன்னாடி சொன்னது அது. இது சோதிச்சு எழுதினது."

"கீழே என்ன, குறிப்பு? 'வீட்டு மின் இணைப்பு பழையது. வீட்டில் சார்ஜ் செய்தல் ஆபத்து. வெளியே சென்று செய்யவும்.'"

"ஆமாம்மா. கிரைண்டர் ஓடும்போது விளக்கு மங்குது, நீயே பாத்திருக்கே. கார் மாட்டினா வீடே போயிடும்."

"வெளியேன்னா எங்கே?"

"பங்க்கு பக்கத்துல ஒண்ணு இருக்காம். சனிக்கிழமை சனிக்கிழமை கொண்டு போனாப் போதும். என்ன, ஒண்ணே முக்கால் மணி நேரம் ஆகும். குடும்பத்துக்காக ஒருத்தர் உக்காந்துதான் ஆகணும்." பெருமூச்சு ஒன்றும் விட்டேன்.

"பாவம்" என்றாள். "சரிங்க. அப்படியே செய்வோம்."

சண்டை இல்லை, குறுக்குக் கேள்வி இல்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"பதினாறாவது கட்டத்துல எழுத்துப் புரியல. படிங்க."

"'கிளட்ச் இல்லை. கியர் இல்லை. பழகாதவர்களும் பயமின்றி ஓட்டலாம். சரி.'"

"நல்லது. கையெழுத்துப் போடுங்க. தேதியும் போடுங்க."

போட்டேன். கார் வந்தது. பழைய கார் போனது.

அடுத்த சனிக்கிழமை நாலு மணி. தலை சீவிக்கொண்டு சாவி மாட்டும் ஆணியைப் பார்த்தேன். ஆணி மட்டும் இருந்தது. வாசலில் மனைவி, தோளில் கைப்பை, கண்ணில் கறுப்புக் கண்ணாடி.

"எங்கே கிளம்பிட்டே?"

"சார்ஜ் போட."

"நீயா? உனக்கு எப்படி?"

"லைசென்ஸ் எட்டு வருஷமா பீரோவுல தூங்குது. அன்னிக்கு நாற்சந்தியில கிளட்ச்சை விட்டுட்டேன்னு நீங்க கத்தின கத்துக்கு அப்புறம் சாவியைத் தொடல. இதுல கிளட்ச் இல்லையாமே? பயமில்லாம ஓட்டலாமாம். கையெழுத்து இருக்கு."

"சரி சரி, துணைக்கு நானும் வர்றேன்."

"வேண்டாங்க. குடும்பத்துக்காக ஒருத்தர் உக்காந்தாப் போதும்னு நீங்கதானே சொன்னீங்க? வாஷிங் மெஷின்ல துணி இருக்கு, உதறிக் காயப் போடுங்க. அம்மாவுக்கு அஞ்சு மணிக்குக் காதுல சொட்டு மருந்து. மூணு சொட்டு. இடது காது."

கார் சத்தமில்லாமல் பின்னால் போய், சத்தமில்லாமல் திரும்பி, சத்தமில்லாமல் மறைந்தது. கத்தக்கூட எனக்கு ஒரு சாக்கு கிடைக்கவில்லை.

துணியைக் காயப் போட்டேன். மாமியார் "வலது காதுல விட்டுட்டீங்க மாப்பிள்ளை" என்றார். இடது காதிலும் விட்டேன். மனசு கேட்கவில்லை. டயர் கடைக்காரருக்குப் போன் செய்தேன்.

"அங்கே வெள்ளையா ஒரு கார் வந்துதா?"

"வந்து ஒரு மணி நேரமாச்சு. தங்கச்சி இங்கதான் இருக்கு. யோவ், கேரம் இவ்வளவு நல்லா ஆடும்னு நீ சொல்லவே இல்லையே? கண்டக்டரை ரெண்டு போர்டு காலி பண்ணியாச்சு."

"அவளா? அங்க கேரம் நடக்கறது அவளுக்கு எப்படித் தெரியும்?"

"என்னய்யா கேள்வி? இந்தப் பெட்டியை எப்ப வைப்பாங்க, சார்ஜ் ஏற எவ்வளவு நேரமாகும்னு போன மாசமே வந்து விசாரிச்சுட்டுப் போச்சே. உன்கிட்ட சொல்ல வேண்டாம்னும் சொல்லிச்சு."

பின்னணியில் யாரோ "நீங்க சொல்றது கரெக்டும்மா" என்று சொல்வது கேட்டது.

"இரு, நான் பஸ் பிடிச்சாவது வந்துடறேன்" என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, மெதுவாக, என் மனம் நோகாதபடி சொன்னார்:

"போர்டுக்கு நாலு பக்கம்தானேப்பா, நீ வந்தா எங்கே உக்காருவே?"