மிளகு அட்டை போட்ட நாவல்

'எனக்கொண்ணும் இல்லீங்க' ஆசாமி என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். அவருக்கு எதிலும் ஆட்சேபம் கிடையாது. ஆட்சேபமெல்லாம் ஊருக்குத்தான். காதல் கல்யாணமா? அவருக்கு ஒன்றுமில்லை, சொந்தக்காரர்கள் ஒத்துக்கொள்ள வேண்டும். பெண்பிள்ளை பைக் ஓட்டுவதா? அவருக்கு ஒன்றுமில்லை, அக்கம்பக்கம் என்ன சொல்லும்? இப்படிப் பழியையெல்லாம் ஊரார் தலையில் போட்டுவிட்டு, தான் மட்டும் நல்லவராகவே இருந்து ஓய்வுபெறுகிறவர் இவர்.

கொல்லிமலைப் பள்ளி ஒன்றில் இந்த இனத்தின் உருப்படியான மாதிரி ஒருவர் இருக்கிறார். அர்த்தனாரி சார். திருச்செங்கோட்டுக்காரர், பாதி பெண்ணாக நிற்கும் சாமியின் பெயரைச் சுமந்திருப்பவர். திங்கட்கிழமை அடிவாரத்துக் காரவள்ளியில் பஸ் ஏறி, எழுபது வளைவுகளிலும் தலை சுற்றி மேலே வந்து, வெள்ளிக்கிழமை மாலை இறங்கிவிடுவார். பத்தாம் வகுப்பு ஆசிரியர். நூலகப் பொறுப்பும் அவரே.

அவர் வகுப்பில், பதிவேட்டின்படி கார்த்தி என்று ஒரு பிள்ளை. பதிவேட்டுக்கு என்ன தெரியும்? அவள் தன்னைப் பெண்ணென்று உணர்ந்தவள். யமுனா என்று தனக்குப் பேர் வைத்துக்கொண்டவள். அதை முதன்முதலில் வாய்விட்டுச் சொன்னது அர்த்தனாரி சாரிடம்தான். பரந்த மனசுக்காரர் என்று நம்பிவிட்டாள்.

"அட்டெண்டன்ஸ்ல யமுனான்னு கூப்பிடுங்க சார். அந்தப் பழைய பேரக் கேட்டாவே உடம்பு கூசுதுங்க. அரைப் பரீட்சை வரைக்கும் பாப்பேன். அப்புறம் நான் பள்ளிக்கூடம் வரலீங்க."

"எனக்கொண்ணும் இல்ல கண்ணு. ஊரு ஒத்துக்கோணுமே!"

அன்றைக்குச் சாருக்குக் கண்கூடக் கலங்கியது. கலங்கிய கண்ணோடு மறுநாளும் பழைய பேரையே கூப்பிட்டார்.

அந்த வாரம்தான் நூலகத்துக்குப் புத்தகப் பெட்டி வந்தது. உள்ளே ஓர் இளையோர் நாவல்: பதினைந்து வயதுத் திருநங்கைப் பெண் ஒருத்தியின் கதை. சார் அதை நெஞ்சோடு பிடித்துப் படமெடுத்து, 'மாற்றம் மலரட்டும்' என்று வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்தார். நாற்பத்திரண்டு பேர் பார்த்தார்கள். அத்தனை பேரும் மலைக்குக் கீழே இருப்பவர்கள். படித்தாரா? அதற்கு நேரம் எங்கே?

அப்புறம்தான் உறைத்தது. இது மலைக்காரர் கையில் கிடைத்தால்? அந்தப் பள்ளியில் எல்லாப் புத்தகத்துக்கும் பழுப்புத்தாளில் அட்டை போட்டு, மேலே பேர் எழுதி வைப்பது வழக்கம். சாரும் அட்டை போட்டார். எந்தப் பேரை எழுதினால் ஒருவரும் தொடமாட்டார்கள் என்று நெடுநேரம் யோசித்து, முத்து முத்தான கையெழுத்தில் 'மிளகு சாகுபடி முறைகள்' என்று எழுதி அலமாரியில் செருகினார்.

என்ன மூளை! வீட்டுக்கு வீடு மரத்தில் மிளகுக்கொடி ஏற்றியிருக்கும் மலையில், அதைவிட ஆள் இழுக்கும் தலைப்பு வேறு உண்டா? அன்று மாலையே புத்தகம் மலைமேலேயே இருக்கும் குண்டூர் நாட்டுக்குப் போய்விட்டது. அப்பா கேட்டார் என்று ஒரு பிள்ளை, மாமா கேட்டார் என்று இன்னொரு பிள்ளை, மாற்றி மாற்றி எடுத்துப் போனார்கள். அலமாரியில் அந்த இடம் காலியாக இருப்பதைச் சார் ஒரு மாதம் கழித்துத்தான் கவனித்தார். அதே நேரம் வாசலில் ராசப்பன் வந்து நின்றார். மிளகு விவசாயி, யமுனாவின் அப்பா. கையில் அந்தப் பழுப்பு அட்டை.

சார் அவசரமாக எழுந்து நாற்காலியைக் காட்டினார்.

"ஏனுங்க சார், இதுல மொளகே இல்லீங்களே?"

"எனக்கொண்ணும் இல்லீங்க, அது வந்து, மேல இருந்து அனுப்பிச்சுட்டாங்க..."

"மொளகப் பத்தி எங்களுக்குத் தெரியாததா பொஸ்தகத்துல இருக்கப் போவுது? உடுங்க. எம்புள்ளதான் படிச்சுக் காட்டுச்சு. கதையில அந்தப் பொண்ணோட அப்பன் கடைசி வரைக்கும் வாயே தொறக்க மாட்டேங்கறான். எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! 'இவனெல்லாம் ஒரு அப்பனா'ன்னு கத்திப்போட்டேன். புள்ள பொஸ்தகத்த மூடி வெச்சுட்டு என்னயவே பாக்குது."

ராசப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அது பேரு யமுனாங்க. நாளையில இருந்து அப்படியே கூப்பிடுங்க."

"எனக்கொண்ணும் இல்லீங்க. ஊரு ஒத்துக்கோணும்..."

"ஊருங்களா? வெளிய நிக்குது. நீங்களே கேளுங்க."

சார் எட்டிப் பார்த்தார். சில்வர் ஓக் மரத்தடியில் ஆறேழு பேர், புத்தகம் அடுத்து எந்த ஊட்டுக்கு என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் தள்ளி நின்றார். கொடி வாடலுக்கு மருந்து தேடிக் கடைசிப் பக்கம் வரை படித்து ஏமாந்தவர் அவர்.

மறுநாள் காலை சார் வகுப்புக் கதவைச் சாத்தினார். ஜன்னலையும் சாத்தினார். அப்புறம் தன் காதுக்கே எட்டாத குரலில், "யமுனா" என்றார்.

"உள்ளேன் ஐயா!"

பக்கத்து வகுப்பே திரும்பிப் பார்த்தது.

சார் திருந்திவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். பதிவேட்டில் பேரை மாற்றக் கேட்டால், "எனக்கொண்ணும் இல்லீங்க, டிபார்ட்மெண்ட் ஒத்துக்கோணும்" என்கிறார். இந்த இனத்துக்கு ஓர் ஊர் போனால் இன்னோர் ஊர் கிடைத்துவிடும்.

நீங்கள் அப்படியில்லை, எனக்குத் தெரியும். இவ்வளவு தூரம் சிரித்துக்கொண்டே படித்து வந்திருக்கிறீர்கள். சும்மா ஒன்று கேட்கிறேன்: இந்த நேரம் பார்த்து உங்கள் வீட்டுப் பிள்ளை வந்து, "என்ன படிக்கறீங்க?" என்று கேட்டால் இந்தப் பக்கத்தை நீட்டுவீர்களா, இல்லை, மிளகைப் பற்றி ஏதோ என்பீர்களா?