பிள்ளை விட வருகிறவர்களை நான் விசாரித்த விதம்

கோட்டாறு,
17-3-1953.

கர்த்தருக்குள் அன்பான மச்சான் ஆபேல் அவர்களுக்கு,

உங்கள் தங்கை எலிசாவைக் கட்டிய ஞானதாசன் எழுதுவது. மூணாற்றுக் குளிரில் நீங்களும் மதினியும் பிள்ளைகளும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க ஜெபிக்கிறேன். இங்கே எலிசா சுகம். வீட்டிலுள்ள ஒன்பது பிள்ளைகளும் சுகம். ஒன்பது என்று வாசித்துத் திடுக்கிட வேண்டாம், ஒன்றுகூட எங்களுடையதல்ல, அந்தப் பாக்கியம் எங்களுக்கு இல்லை என்பது நீங்கள் அறிந்ததுதான். சுகமில்லாதவன் நான் ஒருவன் மட்டுமே. என் நோய்க்கு ஆஸ்பத்திரியில் மருந்து கிடையாது, உங்களிடம்தான் இருக்கிறது. ஆகையால் இந்தக் கடிதம் கண்டவுடன் லீவு போட்டுப் புறப்பட்டு வரவும்.

போன வருஷம் நான் ஏட்டு உத்தியோகத்திலிருந்து ரிட்டையர் ஆனபோது, இனி எலிசாவின் கையால் வேளாவேளைக்குச் சுடு சோறு தின்று, மத்தியானம் ஒரு தூக்கம் போட்டு, மிச்சமுள்ள ஆயுளைக் கழிக்கலாம் என்றுதான் இருந்தேன். அடுத்த தெரு கிளாரா டீச்சரை உங்களுக்கு நினைவிருக்கும். புருஷன் அடிக்கிற அடி பொறுக்காமல் திருநெல்வேலியிலிருந்து கைப்பிள்ளையோடு ஓடி வந்தவள். அவளுடைய அம்மா இறந்ததும், பள்ளிக்கூடத்துக்குப் போகிற நேரத்தில் குழந்தை ஸ்டெல்லாவைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று எலிசாவிடம் வந்து அழுதாள். எலிசா உடனே கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். அதைக் கேள்விப்பட்டு ஒரு நர்ஸம்மா வந்தாள். பிறகு நெசவாலைக்குப் போகிறவர்கள் இருவர் வந்தார்கள். மூன்று மாதத்தில் என் சாய்வு நாற்காலியில் தொட்டில் கயிறு சுருண்டு கிடந்தது, நான் உட்கார இடமில்லை. "வீடு நெறைய பிள்ளைய இருந்தா ஒரு ஐஸ்வரியம்தானே" என்கிறாள் உங்கள் தங்கை. ஐஸ்வரியம் என் போலீஸ் தொப்பிக்குள் மூத்திரம் போய் வைத்திருக்கிறது, மச்சான்.

அதுவும் போகட்டும். எலிசா ஒருநாள் என்னிடம், "யாரு எவருன்னு தெரியாம நாம வீட்டுக்குள்ள ஏத்தப்பிடாது. நாளைக்கி ஒரு பிள்ளைக்கி ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்லுதது? நீங்க முப்பது வருசம் போலீஸ்ல கெடந்தவருதானே, வருதவுகள விசாரிச்சுச் சொல்லுங்க" என்றாள். ரிட்டையர் ஆன பிறகு என்னை ஒருவர் மனுஷனாக மதித்துக் கேட்ட முதல் வேலை அது. அன்றைக்கே ஒரு நோட்டு வாங்கிக் கட்டம் போட்டேன். பெயர், தகப்பன் பெயர், தொழில், பழைய வழக்கு, வீட்டில் வைசூரி வந்ததா, யார் கொண்டுவந்து விடுவது, யார் கூப்பிட வருவது, பிள்ளையின் அங்க அடையாளங்கள். வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கேட்பேன். ஒரு நெசவாலைக்காரி, "கொழந்தய விட வந்தேனா, கள்ளச் சாராயக் கேசுக்கு வந்தேனா" என்று கேட்டுவிட்டுப் போனாள். போகட்டும், பாதுகாப்பு என்றால் அப்படித்தான்.

இனிதான் விஷயம். ஜனவரியில் கிருஷ்ணமணி என்று ஒருவன் வந்தான். பஸ் கம்பெனியில் செக்கர். முப்பத்திரண்டு வயது. பெண்டாட்டி பிரசவத்தில் போய்ச் சேர்ந்துவிட்டாள், வடிவு என்று இரண்டு வயதுப் பெண் குழந்தை. இதெல்லாம் பரிதாபமான சங்கதிதான், நான் கல்நெஞ்சன் அல்ல. ஆனால் மச்சான், பெண்டாட்டியை இழந்தவன் முகத்தில் பவுடர் எதற்கு? காக்கிச் சட்டையைப் பெட்டி போட்டுத் தேய்த்து, கிருதா விட்டு, கோடு கிழித்தாற்போல் மீசை வைத்து, பல் முப்பத்திரண்டும் தெரியச் சிரிக்கிறான். என்னைக் கண்டு ஊரே சிரிப்பை நிறுத்திய காலம் உண்டு, இவன் என்னைக் கண்டுதான் சிரிக்கவே ஆரம்பித்தான். நான் நோட்டைப் பார்த்து, "இடமில்லை" என்றேன். மறுநாள் வந்தான், "குழந்தைக்கு இருமல் இருக்கிறது" என்றேன். மூன்றாம் நாள், "தகப்பன் ஊர் சுற்றுகிற தொழில், பாதுகாப்புக்கு உதவாது" என்று எழுதிக்கொண்டிருக்கும்போதே எலிசா பின்னால் வந்து நின்றாள். அவனிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அழுதுகொண்டிருந்த நர்ஸம்மாவின் பையனை அவன் கையில் கொடுத்து, "செத்த இவன வச்சுக்கிடுங்க, அடுப்புல பால் இருக்கு" என்று உள்ளே போனாள். அவன் அந்தப் பயலைத் தோளில் போட்டு, தலையில் தாடையை வைத்து, ஏதோ முனகி, இரண்டு நிமிஷத்தில் தூங்க வைத்துவிட்டான். எலிசா கதவு இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு வந்து வடிவை வாங்கிக்கொண்டாள். என் நோட்டில் கையெழுத்துகூட இல்லை!

அன்று தொடங்கியது எனக்கு அரிப்பு. காலையில் அவன் பிள்ளையை விட வருவான். "அக்கா, நேத்து வடிவு கையில குடுத்துவிட்ட மீன்கறி இருக்கே, தின்னுட்டு கைய கழுவ மனசில்ல" என்பான். இருபத்தாறு வருஷமாக நானும் அதே கறியைத்தான் தின்கிறேன், எனக்குச் சொல்லத் தோன்றவில்லை, அதற்கு நான் என்ன செய்ய? எலிசா முந்தானையால் வாயை மூடிச் சிரிப்பாள். மறுநாள் சட்டியில் நடுத்துண்டுகள் அவனுக்குப் போகும், எனக்கு வாலும் தலையும். அக்கா என்றுதானே கூப்பிடுகிறான் என்பீர்கள். அவன் கூப்பிடுகிற ராகத்தை நீங்கள் கேட்கவில்லை. ஆண்கள் யாரும் படியேறக் கூடாது, வெளியே நின்று மணி அடிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டு, ஒரு மணியும் வாங்கி மாட்டினேன். ஒன்பது பிள்ளைகளும் அந்த மணியைப் பகல் முழுக்க அடித்தன. எலிசா அதைக் கழற்றிக் கிணற்றுக்குள் போட்டுவிட்டாள்.

அவன் நடத்தையைக் கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று ஒருநாள் தலையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, அவன் ஏறுகிற பஸ்ஸில் பார்வதிபுரத்துக்குச் சீட்டு வாங்கி ஏறினேன். சீட்டில் உட்கார்ந்தால் தூக்கம் வருவது பழைய டியூட்டிப் பழக்கம். யாரோ தோளைத் தொட்டார்கள். "ஏட்டையா, பார்வதிபுரம் தாண்டி நாலு மைலு வந்தாச்சு. கண்ணு அசந்துட்டியளா?" என்று குனிந்து நிற்கிறான் அவன். பஸ்ஸை நிறுத்தி, எதிரே வந்த பஸ்ஸையும் கைகாட்டி நிறுத்தி, என்னைக் கையைப் பிடித்து ஏற்றி அனுப்பினான். இதை எலிசாவிடம் சொல்லுவான், சண்டை போடலாம் என்று ஒரு வாரம் காத்திருந்தேன். சொல்லவே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

இனி எழுதப்போவதை மதினிக்கு வாசித்துக் காட்ட வேண்டாம். போன வியாழக்கிழமை முற்பகல். எலிசா கிணற்றடியில் ஒரு பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் ஒரு பெரியவர் வந்தார். பல்லில்லை, மயிரில்லை, முகமெல்லாம் அம்மைத் தழும்பு, சட்டை தொளதொளவென்று. பார்த்தவுடனே எனக்கு மனசுக்குப் பிடித்துவிட்டது. பாதுகாப்பான ஆள் என்றால் இவரல்லவா! என்னைக் கண்டதும் செருப்பைக் கழற்றி, விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். "ஏட்டையா, நான் கிளாராவுக்குப் பெரியப்பா முறை, பேரு சூசை. பள்ளிக்கூடத்துல தலைசுத்தி விழுந்துட்டா, ஆஸ்பத்திரியில கெடக்கா. பிள்ளையப் பாக்கணும்னு அழுதா" என்றார். நோட்டில் பெயரை எழுதினேன். பழைய வழக்கு உண்டா என்றேன், இல்லை என்றார். ஸ்டெல்லாவைத் தூக்கிக் கொடுத்தேன். குழந்தை வீல் என்று அலறி, கையையும் காலையும் உதைத்தது. தாயை நினைத்து அழுகிறது என்று நானே தேற்றி அனுப்பினேன்.

எலிசா ஈரக் கையோடு ஓடி வந்தாள். "யாருக்க கையில குடுத்திய?" என்றாள். சொன்னேன். "பாவி மனுசா! கிளாராவத் தவிர வேற யாரு வந்தாலும் குடுக்கப்பிடாதுன்னு அவ எத்தன தடவ சொன்னா? அவ புருசன் ஆளு விட்டுப் பிள்ளையத் தூக்குவான்னு பயந்துதானே இஞ்ச கொண்டு விடுதா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். நான் நோட்டைக் காட்டி, எல்லாம் கேட்டுத்தான் கொடுத்தேன் என்றேன். "பிள்ள அவருகிட்ட போவ மாட்டேன்னு கையும் காலும் ஒதச்சுதே, அது ஒங்க விசாரணையில சேராதா?" என்றாள். மச்சான், முப்பது வருஷ சர்வீஸில் எந்த வக்கீலும் என்னை அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

அந்த நேரம் பார்த்து, வடிவுக்கு மருந்து கொடுத்துவிட்டுப் போக கிருஷ்ணமணி வந்தான். எலிசா சொல்லி முடிப்பதற்குள், "திருநெல்வேலி பஸ்ஸு மணிமேடையில இருந்து போயி பத்து நிமிசம் ஆச்சு. ஆரல்வாய்மொழி எல்லைச் சோதனைச் சாவடியில மூட்டை முடிச்செல்லாம் அவுத்துப் பாக்காம விடமாட்டாவ. பிடிச்சிரலாம். ஏட்டையா, வாங்க" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினான். வாழைக்குலை ஏற்றிய லாரி ஒன்றைக் குறுக்கே விழுந்து நிறுத்தினான். குலைகளுக்கு மேலே நானும் அவனும் ஒருவரையொருவர் கட்டிப் பிடித்துக்கொண்டு போனோம். அவன் மேல் பவுடர் வாசனை. நான் வாய்க்குள்ளே ஜெபம் பண்ணிக்கொண்டே போனேன். சாகட்டும் என்று நினைத்த ஒருவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஜெபம் பண்ணுவது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது.

பஸ் சாவடியில்தான் நின்றது. சூசை கடைசிச் சீட்டில் குழந்தையைத் துண்டால் போர்த்தி வைத்திருந்தார். அழுது அழுது அதன் தொண்டை கட்டியிருந்தது. நான் இரண்டு கையையும் நீட்டினேன். ஸ்டெல்லா என்னைப் பார்த்தது, பின்னால் நின்ற கிருஷ்ணமணியைப் பார்த்தது, என் தோளுக்கு மேலாக அவனிடம் தாவியது. சூசை, "புருசங்காரன் சொன்னான், செஞ்சேன்" என்று அழுதார். நான் பழைய குரலில் ஒரு அதட்டுப் போட்டேன். சாவடியிலிருந்த போலீஸ்காரன், என் கீழே வேலை பார்த்தவன், "ஏட்டையா, நீங்களே கையில எடுத்துக் குடுத்தியளாமே?" என்றான்.

திரும்பி வந்தபோது கிளாரா எங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளையை வாங்கி, கை விரல், கால் விரல் எல்லாம் எண்ணிப் பார்ப்பதுபோல் தடவினாள். பிறகு என்னை ஏறிட்டுப் பார்த்தாள். இரண்டு வார்த்தை திட்டியிருக்கலாம். கிருஷ்ணமணிதான், "ஏட்டையா இல்லன்னா சாவடியில பிள்ளைய விட்டிருக்க மாட்டாவ, டீச்சர்" என்றான். மச்சான், அது சுத்தப் பொய். எனக்காக அவன் சொன்ன பொய். அந்த நேரத்தில் அவனைக் கொன்றுவிடலாம்போல இருந்தது. எலிசா அவனுக்கு முதலில் சோறு போட்டாள். என் நோட்டு மறுநாள் அடுப்புக்குள் போனது. இப்போது வருகிறவர்களை அவளே பார்க்கிறாள், நான் தொட்டில் ஆட்டுகிறேன்.

ஆகையால் நீங்கள் ஈஸ்டருக்கு முன் வந்து, இந்தப் பிள்ளை பார்க்கிற வேலை ஆபத்தானது என்று தங்கைக்கு மூத்தவர் முறையில் எடுத்துச் சொல்லி நிறுத்த வேண்டும். ஒன்பதையும் நிறுத்த முடியாவிட்டால் பரவாயில்லை. வடிவு ஒன்றை நிறுத்தினாலும் போதும். அது நல்ல குழந்தைதான், அதன் தகப்பன்தான் ஆபத்து. மதினிக்கு என் ஸ்தோத்திரம். பிள்ளைகளுக்கு முத்தம். உங்கள் வீட்டுத் தேயிலையும் அடுப்பும் என்றும் சூடாயிருக்கக் கர்த்தர் கிருபை செய்வாராக.

இப்படிக்கு,
உங்கள் தங்கை புருஷன்,
ஞானதாசன்,
ரிட்டையர்டு ஏட்டு.

பி.கு.: மேலே உள்ளதை எழுதி ஐந்து நாள் ஆகிறது, தபாலில் சேர்க்கவில்லை. மச்சான், நீங்கள் இப்போது வர வேண்டாம். சித்திரையில் கல்யாணத்துக்கு வந்தால் போதும். இந்த ஆபத்துக்கு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். கிருஷ்ணமணிக்குப் பெண்டாட்டி வந்துவிட்டால் நடுத்துண்டு மீன் எனக்குத் திரும்பிவிடுமல்லவா? நான் புதுக்கடை ஸ்டேஷனில் இருந்தபோது பழக்கமான ஜவுளிக்கடை பொன்னுலிங்கத்துக்கு முத்துக்கனி என்று ஒரு மகள், பிள்ளைகள் என்றால் உயிர். அவருக்கு எழுதினேன். அவர், "ஏட்டையா, பையன் யாரு எவன்னு எங்களுக்குத் தெரியாது. நீங்க விசாரிச்சு, குத்தம் குறை உள்ளது எல்லாம் மறைக்காம எழுதி அனுப்பணும்" என்று பதில் போட்டுவிட்டார். நேற்று முழுக்க உட்கார்ந்து எழுதினேன். ஒன்றரைப் பக்கம் வந்தது. ஒரு குறையாவது போடலாம் என்று மண்டையை உடைத்துக்கொண்டேன், அகப்படவில்லை. வாசித்துப் பார்த்தால் ஒரு வரிகூடப் பொய் இல்லை. அதுதான் மச்சான், தாங்க முடியவில்லை.